கம்போடியாவில் அஞ்சு லைன் போட்டால் தேறுமா? அங்கே வேலை பார்த்தவனின் கணக்கு

2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதத்தைத் தொட்டது. அதே மாதம் கம்போடியாவுக்கு 19 சதவீதம் என்று முடிவானது. அந்த 19-ம் நேராக வந்துவிடவில்லை. ஏப்ரலில் 49 என்றார்கள், ஜூலையில் 36 என்றார்கள், அப்புறம்தான் 19-ல் நின்றது. ஆனால் திருப்பூரில் கண்ணில் பட்டது கடைசி எண் மட்டும்தான். தெரிந்த பனியன் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக ஃபோன் செய்ய ஆரம்பித்தார்கள். "ஏனுங்க, நீங்க அங்க இருந்தவரு. ஒரு அஞ்சு லைன் அங்க போட்டுட்டா தேறுமுங்களா?" லைன் என்றால் மெஷின்களை வரிசையாகப் போட்டு ஒரே ஆடையைத் தைக்கிற தையல் வரிசை.

2014 கடைசியில் போய், கொரோனா அடங்கிய பிறகும் சில காலம் வரை புனோம் பென் புறநகரில் கார்மென்ட் ஃபேக்டரிகளில் புரொடக்‌ஷன் பிளானிங் பார்த்தவன் நான். ஃபோனில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. வரி விகிதம் ஒரே இரவில் மாறும். அந்த நாட்டின் கணக்கு அப்படி மாறாது. லைனில் உட்கார்ந்து தைக்கிற ஒரு பெண்ணின் சம்பளம் எங்கிருந்து வருகிறது, வந்த பிறகு எங்கே போகிறது என்று பின்னாலேயே போனால் கம்போடியப் பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் புரிந்துவிடும். ஃபேக்டரி நடத்த வேண்டியவருக்கு அதுதான் தேவையும்கூட.

முதலில் துணி. திருப்பூரில் நூல் வாங்கி, நிட்டிங் கொடுத்து, டையிங் (சாயம்), காம்பேக்டிங் (துணி சுருங்காமல் அழுத்தி எடுப்பது) முடித்து, பவர் டேபிளில் தைத்து, பெட்டி கட்டுவது வரை எல்லாமே ஒரே ஊர் எல்லைக்குள் முடிந்துவிடும். துணி பத்துக் கிலோ குறைந்தால் சாயங்காலத்துக்குள் ஆள் அனுப்பி வரவழைத்துவிடலாம். கம்போடியாவில் அது நடக்காது. அங்கே இருப்பது கட்டிங், தையல், பேக்கிங் மட்டும். துணி பெரும்பாலும் சீனாவிலிருந்து வரும். ஜிப், பட்டன், லேபிள், சில சமயம் அட்டைப்பெட்டிகூட வெளியிலிருந்துதான்.

இதற்குக் காரணம் இருக்கிறது. 1990-களில் தைவான், ஹாங்காங், சீன முதலாளிகள் அங்கே போனது துணி நெய்வதற்காக அல்ல. தங்கள் நாட்டுக்கு அமெரிக்கா வைத்திருந்த கோட்டா, அதாவது இவ்வளவுதான் வாங்குவோம் என்கிற அளவு, நிரம்பியதால், கோட்டா காலியாக இருந்த நாட்டைத் தேடிப் போனார்கள். 1999-ல் அமெரிக்காவுடன் போட்ட ஜவுளி ஒப்பந்தத்தில் தொழிலாளர் நிலைமை மேம்பட்டால் கூடுதல் கோட்டா என்று எழுதப்பட்டிருந்தது. 2001-ல் தொடங்கிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஃபேக்டரி ஆய்வுத் திட்டம் அந்த ஒப்பந்தத்தின் பிள்ளை. அப்புறம் 2011-ல் ஐரோப்பிய யூனியன், மிகப் பின்தங்கிய நாடுகளுக்கான விதியைத் தளர்த்தியது. வெளிநாட்டுத் துணியாக இருந்தாலும் சரி, அங்கே தைத்தால் போதும், வரியில்லை. அதன் பிறகு ஃபேக்டரிகள் மளமளவென்று முளைத்தன. ஆக, தையலைத் தாண்டிப் போக வேண்டிய கட்டாயமே யாருக்கும் வரவில்லை. இதை அந்த நாட்டின் பெரிய பலவீனமாகத்தான் நான் பார்க்கிறேன்.

பிளானிங்கில் இருந்தவனுக்கு இதன் அர்த்தம் ரொம்ப நேரடியானது. இரண்டு ரோலில் ஷேடு மாறி வந்தால் மாற்றுத் துணி கப்பலேறி வர வேண்டும். அதுவரை அந்த லைன் சும்மா இருக்கும், சம்பளம் மட்டும் ஓடும். அதனால் அங்கே நான் பழகிக்கொண்ட முதல் ஒழுங்கு, துணி ஆலையிலிருந்து கிளம்பும் முன்பே அந்த ஊரில் ஆள் வைத்து ஷேடு பேண்டு (ரோலுக்கு ரோல் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று) பார்த்து, கட்டிங் வேஸ்டேஜுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே ஆர்டர் போடுவது. திருப்பூரில் இதை வீண் செலவு என்பார்கள். அங்கே அது இன்சூரன்ஸ்.

"துணி நம்ம ஊர்ல இருந்தே அனுப்பிட்டா?" என்று ஒருவர் கேட்டார். அனுப்பலாம். ஆனால் சீனத் துணியைவிட நாள் கூடும், நடுவில் கப்பல் மாற்ற வேண்டியிருக்கும். பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனி, கொடுக்கும் தொண்ணூறு நாளில் அது எத்தனையைத் தின்னும் என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

அடுத்தது பணம். கம்போடியாவின் நாணயம் ரியல். ஆனால் நான் இருந்த காலம் முழுக்க என் சம்பளம், வீட்டு வாடகை, மெஷின் விலை எல்லாமே அமெரிக்க டாலரில்தான். ஏ.டி.எம்.மில் டாலர் வரும். கடையில் டாலர் கொடுத்தால் ஒரு டாலருக்குக் கீழே உள்ள மிச்சத்தை ரியலில் தருவார்கள். டாலருக்குச் சுமார் 4,000 முதல் 4,100 ரியல் என்பதால் மனக்கணக்கு சுலபம்.

1975-ல் கெமர் ரூஜ் என்கிற கம்யூனிஸ்ட் இயக்கம் ஆட்சிக்கு வந்ததும் பணம் என்பதையே ஒழித்தார்கள். புனோம் பென்னில் மத்திய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ரியல் மறுபடி புழக்கத்துக்கு வந்தது 1980 மார்ச்சில். 1992-93-ல் தேர்தல் நடத்த வந்த ஐ.நா. படை இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடும் கோடிக்கணக்கான டாலரோடும் இறங்கியபோது, சொந்த நோட்டின் மேல் நம்பிக்கை இழந்திருந்த மக்கள் டாலரைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணெதிரே பணம் குப்பையானதைப் பார்த்த தலைமுறை அது. அவர்கள் டாலரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை.

நோட்டு விஷயத்தில் அவர்கள் எவ்வளவு கறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். நூறு டாலர் நோட்டை வாங்கினால் காசாளர் முதலில் நான்கு ஓரங்களையும் விரலால் தடவுவார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும், ஓரத்தில் பேனா மை பட்டிருந்தாலும் இரண்டு கையாலும் பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எதிர்த்துப் பேசிப் பயனில்லை, அவரிடமிருந்து அதை யாரும் வாங்க மாட்டார்கள். சந்தையில் இருக்கும் பணம் மாற்றுகிறவர் கழிவு பிடித்துக்கொண்டு எடுத்துக்கொள்வார். கையில் நோட்டாகச் சம்பளம் கொடுத்த நாட்களில் எங்கள் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் கவரில் போடும் முன் ஒவ்வொரு நோட்டையும் சரிபார்ப்பார்கள். ஒரு கிழிந்த இருபது டாலர் நோட்டு ஒரு லைனையே அரை மணி நேரம் நிறுத்தும்.

2020-ல் மத்திய வங்கி 1, 2, 5 டாலர் சிறு நோட்டுகளை வங்கிகளிடமிருந்து திரும்பப் பெற ஆரம்பித்தது, ரியல் புழங்கட்டும் என்பதற்காக. அதே ஆண்டு அக்டோபரில் பாகோங் என்ற பணப் பரிமாற்ற அமைப்பு வந்தது. 2022-ல் எல்லா வங்கிக்கும் பொதுவான கியூ.ஆர். வந்தது. நான் கிளம்பும் சமயத்தில் ஃபேக்டரி வாசலில் சோறும் பன்றிக்கறியும் விற்கிற அம்மாவின் தள்ளுவண்டியிலும் அந்த அட்டை தொங்கியது. நம் ஊர் யு.பி.ஐ.யைப் பார்த்த நமக்கு இது பழக்கமானதுதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே அதே ஆப்பில் டாலருக்கு ஒரு கணக்கும் ரியலுக்கு ஒரு கணக்கும் இருக்கும்.

முதலாளிக்கு இதில் ஒரு நன்மையும் ஒரு கெடுதலும் உண்டு. வரவும் டாலர், செலவும் டாலர் என்பதால் எக்ஸ்சேஞ்ச் ரேட் பயம் இல்லை. ஆனால் ரூபாய் சரியும்போது திருப்பூர் ஏற்றுமதியாளருக்குக் கிடைக்கிற அந்த மூச்சு அங்கே கிடையாது. வியட்நாமின் டாங் இறங்கினால் வியட்நாம்காரர் பையருக்கு விலை குறைத்துக் கொடுப்பார். கம்போடியாவில் இருப்பவர் திறமையைக் கூட்டித்தான் விலையைக் குறைக்க முடியும். பையரோடு விலை பேச உட்காரும்போது இது நினைவில் இருக்கட்டும்.

சம்பளத்துக்கு வருகிறேன். 2014 ஜனவரி 3 அன்று, புனோம் பென்னின் வெங் ஸ்ரெங் சாலையில் சம்பள உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. குறைந்தது நான்கு பேர் செத்துப்போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ஆண்டு முடியவில்லை. லைனில் இருந்தவர்கள் அதைப் பற்றிச் சத்தமாகப் பேச மாட்டார்கள், ஆனால் மறக்கவும் இல்லை. அவர்கள் அன்று கேட்டது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 160 டாலர். அந்த ஆண்டு கிடைத்தது 100. அடுத்த ஆண்டு 128, பிறகு 140, 153, 170 என்று ஏறி 2023-ல் 200-ஐத் தொட்டது. 2025-ல் 208. இன்று கம்போடியாவைக் காட்டி "மலிவான உழைப்பு" என்று யாராவது பவர்பாயின்ட் போட்டால், அது பழைய கணக்கு. அந்த உயர்வை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை என்பதையும் அங்கே தொழில் செய்யப் போகிறவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

208-ல் கணக்கு முடியாது. வருகைப்படி, வீட்டு வாடகைக்கும் போக்குவரத்துக்குமான படி, ஆண்டு கூடக் கூட ஏறும் சர்வீஸ் படி, ஓ.டி. (ஓவர்டைம்) நாளில் சாப்பாட்டுக் காசு, ஜூனிலும் டிசம்பரிலும் தர வேண்டிய பணிமூப்புத் தொகை, சமூகப் பாதுகாப்பு நிதிக்கு முதலாளி பங்கு. காஸ்டிங் ஷீட்டில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் போட்டால் ஒரு பீஸுக்கு வரும் எண் பொய்யாக இருக்கும். அடுத்த ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளம் செப்டம்பர் வாக்கில் அறிவிக்கப்பட்டு ஜனவரியில் அமலுக்கு வரும். ஸ்பிரிங் ஆர்டருக்கான விலையை அதற்கு முன்பே பையர் கேட்டுவிடுவார். உயர்வை உத்தேசமாகப் போட்டுத்தான் விலை கொடுப்போம்.

இந்தச் சம்பளம் போகும் இடத்தைப் பார்க்காமல் மேலே சொன்ன எதுவும் முழுதாகப் புரியாது. எங்கள் லைனில் இருந்த பெண்களில் பெரும்பாலோர் கம்போங் ஸ்பூ, தாக்கேவ், ப்ரே வெங் மாகாணங்களின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஃபேக்டரிக்குப் பக்கத்தில் வரிசை வீடுகளில் ஒரு அறைக்கு மூன்று நான்கு பேராகத் தங்குவார்கள். சம்பளம் வந்த அன்று சாயங்காலம் பணம் அனுப்பும் கடைகளின் முன் நிற்கிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும். தனக்கென்று வைத்துக்கொள்வது கொஞ்சம். மீதி கிராமத்துக்குப் போகும். அங்கே ஒரு மைக்ரோஃபைனான்ஸ் தவணை காத்துக்கொண்டிருக்கும்.

ஓவர்லாக் மெஷினில் இருந்த ஒரு பெண் சூப்பர்வைசர் மூலமாக என்னிடம் கூடுதல் ஓ.டி. கேட்டுக்கொண்டே இருந்தார். விசாரித்தபோது அம்மாவின் வைத்தியத்துக்கு ஒரு கடன், அதை அடைக்க இன்னொரு கடன், இரண்டுக்கும் ஈடு வீட்டு நிலத்தின் பத்திரம். நிலம் போனால் அப்பா பயிர் செய்கிற இடமும் போய்விடும். கம்போடியாவில் மைக்ரோஃபைனான்ஸ் கடனே சராசரியாகச் சில ஆயிரம் டாலர், பெரும்பாலும் நிலத்தை ஈடாக வைத்து. 2017-ல் வட்டிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அது நல்லதுதான், ஆனால் அதன் பிறகு சிறு கடன்கள் குறைந்து கடன் தொகை பெரிதானது, கட்டணங்களும் ஏறின. ஏற்றுமதியில் நாடு வளர்ந்தது உண்மை. அந்த வளர்ச்சியில் தொழிலாளிக்குக் கிடைத்த பங்கில் ஒரு பெரிய துண்டு தவணையாக வெளியே போகிறது என்பதும் உண்மை. இந்த இரண்டாவது உண்மை என்னை இன்றும் தொந்தரவு செய்கிறது.

வங்கிக்கு வெளியே தொங்தின் என்று ஒரு ஏற்பாடு உண்டு. நம் ஏலச்சீட்டேதான். மாதா மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, அவசரம் உள்ளவர் வட்டி கூறி எடுத்துக்கொள்வார். சீட்டு நடத்துகிறவர் சில சமயம் ஓடிப்போவதும் நம் ஊர் மாதிரியே. பேக்கிங் செக்‌ஷனில் அப்படி ஒரு முறை நடந்து, இரண்டு வாரம் அந்த செக்‌ஷனே பேயறைந்த மாதிரி இருந்தது.

தவணைத் தேதி கல்லில் வெட்டியது. அதனால் சம்பளம் ஒரு நாள் தள்ளினாலும் அங்கே அது பெரிய விஷயம். பையர் பணம் வரவில்லை என்று நீங்கள் சொல்லும் காரணத்தை அவர்கள் கிராமத்துக் கடன் அதிகாரியிடம் சொல்ல முடியாது. 2019 முதல் சம்பளம் மாதம் இரண்டு தவணையாகக் கொடுக்கப்படுகிறது. தொழிலாளிக்கு அது நல்லது. முதலாளி கையிருப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை மாதச் சம்பளம் கையில் இல்லாமல் ஃபேக்டரி திறக்கக் கூடாது என்பது என் கருத்து.

மயங்கி விழுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டுகளில் கம்போடிய ஃபேக்டரிகளில் ஒருவர் விழுந்தால் பின்னாலேயே பத்து இருபது பேர் சாய்வது செய்திகளில் அடிக்கடி வரும். நான் வேலை பார்த்த ஒரு இடத்திலும் நடந்தது. ஏப்ரல் வெயில், தகரக் கூரை, முந்தின நாள் ஓ.டி. முதலில் விழுந்த பெண் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. காசை மிச்சம் பிடித்திருக்கிறார். கெமிக்கல் வாடை, பேய் என்று என்னென்னவோ பேசினார்கள். நாங்கள் செய்தது மூன்று: கூரை மேல் தண்ணீர்த் தெளிப்பான், லைனுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், காலை ஏழு மணிக்கு முன் வாசலில் இலவசமாகக் கஞ்சியும் உப்புமீனும். கஞ்சிக்கு ஆன செலவைக் கேட்டு மேலே உள்ளவர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த மாத எஃபிஷியன்சி ரிப்போர்ட் வந்த பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

விடுமுறைகளை நம் ஆட்களுக்குச் சொல்வது சுலபம். கெமர் புத்தாண்டு ஏப்ரல் 14-ஐ ஒட்டி, நம் சித்திரை முதல் நாளோடு வரும். ப்சும் பென் என்கிற முன்னோர் வழிபாடு நம் மகாளய பட்சத்தின் அதே பதினைந்து நாட்கள். இந்த இரண்டுக்கும் ஊருக்குப் போகாதவர் கிடையாது. அரசு விடுமுறை மூன்று நாள் என்று நம்பி பிளான் போட்டால் ஷிப்மென்ட் தவறும். முன்னால் இரண்டு நாள், பின்னால் நான்கு நாள் வருகை பாதியாக இருக்கும். திரும்பி வராமலே போகிறவர்களும் உண்டு. புதிய ஸ்டைலை (ஆடை டிசைனை) அந்த வாரங்களில் லைனில் ஏற்றவே கூடாது, ஓடிக்கொண்டிருக்கிற ஸ்டைலை முடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரிலிருந்து தினமும் வந்து போகிறவர்கள் திறந்த லாரியில் நின்றபடி வருவார்கள். விபத்துகள் நடக்கும். வழியில் அடிபட்டாலும் வேலையில் அடிபட்டதாகவே சமூகப் பாதுகாப்பு நிதி எடுத்துக்கொள்ளும், ஃபேக்டரி பதிவு சரியாக இருந்தால். லாரிக்காரரைத் தொழிலாளிகளே பேசி வைத்திருப்பார்கள், அது நம் பொறுப்பில்லை என்று நிறைய மேனேஜர்கள் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. கொஞ்சம் பணம் போட்டு இருக்கை வைத்த வண்டிக்கு மாற்றலாம்.

சந்தை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்போடிய ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமெரிக்காவுக்குப் போகிறது, அடுத்து ஐரோப்பா. 2020 ஆகஸ்டில் மனித உரிமைக் காரணம் காட்டி ஐரோப்பிய யூனியன் வரிச்சலுகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டது. கொரோனாவால் ஆர்டர்கள் கேன்சலான அதே ஆண்டில் அதுவும் விழுந்தது. மிகப் பின்தங்கிய நாடு என்ற பட்டியலிலிருந்தே 2029 டிசம்பரில் கம்போடியா வெளியேறுகிறது. நாட்டுக்கு அது பெருமை. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பதால் கிடைக்கிற சலுகைகள் அதன்பின் படிப்படியாகப் போகும். பத்தாண்டு லீஸ் போடுகிறவர் இந்தத் தேதியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுக்காரர் அங்கே நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் தரைத்தளத்துக்கு மேலே உள்ள வீடு வாங்கலாம், அவ்வளவுதான். உள்ளூர்க்காரர் பேரில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆலோசனை சொல்ல ஆட்கள் உண்டு. கேட்காதீர்கள், லீஸ் போதும். வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கை உள்ளூர் ஊழியரில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒர்க் பெர்மிட் வேண்டும்.

வேலை தேடிப் போகிற பையன்களுக்கு ஒரு வார்த்தை. டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், டூரிஸ்ட் விசாவில் வா, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி அழைத்துப்போய் ஆன்லைன் மோசடிக் கூடாரங்களில் அடைத்து வைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பையன்களும் மாட்டியிருக்கிறார்கள். சுமார் 250 இந்தியர்களை மீட்டதாக 2024 மார்ச்சில் வெளியுறவுத் துறை சொன்னது. கார்மென்ட் ஃபேக்டரியில் உண்மையான வேலை என்றால் கம்பெனி பெயர், முகவரி, அங்கே ஏற்கெனவே இருக்கிற இந்தியரின் நம்பர் எல்லாம் கிடைக்கும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிற எந்த ஏஜென்டும் வேண்டாம். சந்தேகம் வந்தால் கிளம்பும் முன்பே புனோம் பென்னில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

அஞ்சு லைன் கேட்டவருக்கு நான் கடைசியில் சொன்னது இதுதான். இடமும் மெஷினும் வாங்காதீர்கள். அங்கே ஏற்கெனவே ஓடுகிற, தரச் சான்று உள்ள ஒரு ஃபேக்டரியில் ஒரே ஒரு ஸ்டைலை ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குத் தைத்துத் தரும்படி, கொடுங்கள். துணிக்கு நீங்களே பொறுப்பெடுத்துக்கொண்டு, உங்கள் ஆள் ஒருவரை அங்கே உட்கார வையுங்கள். ஆர்டரை ஆகஸ்டில் லைனில் ஏற்றி அக்டோபரில் கப்பலேற்றுகிற மாதிரி வையுங்கள். சம்பள அறிவிப்பு, ப்சும் பென் விடுமுறை, மழைக்கால லாரிப் பாதை மூன்றும் அந்த ஒரு ஆர்டருக்குள்ளேயே வந்துவிடும். அது முடிந்து ஒரு பீஸுக்கு என்ன ஆனது என்று எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் உட்கார்ந்து பேசலாம் என்றேன். சரிங்க, மகனை அனுப்புகிறேன் என்றார்.